பொம்மைகள் போனபின்: ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகம், ஒரு நிகழ்வு ஆய்வு

2017 ஏப்ரல் 25 அன்று ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்திலிருந்து மூன்று மனித உருவங்கள் எடுக்கப்பட்டன. ஒரு பெண், ஒரு மாணவி, ஒரு சிறுவன். தோல் உரிந்து தொங்க, கைகளை முன்னே நீட்டிக்கொண்டு, எரியும் இடிபாடுகளுக்கு நடுவே நடந்து வருவதாக அமைத்த உருவங்கள். 1973ல் முதலில் மெழுகில் செய்து வைத்தார்கள். 1991ல் பிளாஸ்டிக்கில் புதிதாகச் செய்தார்கள். சுற்றுலா வந்த பல தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த அருங்காட்சியகம் என்றாலே நினைவில் எழுவது அந்தக் காட்சிதான். அதை எடுத்துவிடப் போகிறோம் என்று 2013ல் நகர நிர்வாகம் சொன்னதும் எதிர்ப்பு கிளம்பியது. கையெழுத்துத் திரட்டினார்கள். கொடூரத்தை மறைக்கப் பார்க்கிறார்கள், வரும் தலைமுறைக்கு உண்மை உறைக்காமல் போகும் என்றார்கள். நிர்வாகம் அசையவில்லை. இனி உண்மையான பொருட்கள்தான், இறந்தவர்கள் விட்டுச்சென்றவைதான் பேசவேண்டும் என்பது அதன் முடிவு.

இந்த முடிவு சரியா என்பதை மட்டும் பேசி நிறுத்திவிடலாம். ஆனால் அதற்குப் பின்னால் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரே நாளில் பல்லாயிரம் பேரை இழந்த ஊர், அவர்களை எந்த உருவில் நினைவில் வைக்கவேண்டும்? எண்ணிக்கையாகவா, காட்சியாகவா, ஒவ்வொருவராகவா? ஹிரோஷிமா இந்த மூன்றையும் வெவ்வேறு காலத்தில் செய்துபார்த்த ஊர். ஆகவேதான் இந்த அருங்காட்சியகத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொருவராக நினைவுகூரத் தொடங்கியபோதுதான் அந்த ஊர் தன் இறந்தவர்களுக்கு நியாயம் செய்யத் தொடங்கியது என்பது என் முடிவு. அந்த வேலை இன்னும் பாதியில்தான் நிற்கிறது என்பதும்.

பூங்காவுக்கு அடியில் ஒரு பேட்டை

அணுகுண்டு விழுந்த இடம் பூங்காவாக இருந்தது, நல்லவேளை என்று நினைத்துக்கொள்ளும் பயணிகள் இன்றும் உண்டு. அங்குள்ள வழிகாட்டிகள் முதலில் திருத்தும் தவறு அதுதான். இன்றைய அமைதி நினைவுப் பூங்கா இருக்கும் இடத்தின் பெயர் நாகாஜிமா. இரண்டு ஆறுகளுக்கு நடுவே, கடைகளும் கோயில்களும் விடுதிகளும் வீடுகளும் நெருங்கி நின்ற பேட்டை. 4,000க்கும் மேற்பட்டோர் அங்கே குடியிருந்தார்கள். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு, ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. ஆற்றின் மறுகரையில் ஒரு மருத்துவமனையின் நேர் மேலே. நாகாஜிமா அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பேட்டையில் அப்போது இருந்தவர்களில் அநேகமாக யாரும் மிஞ்சவில்லை. எரிபொருள் பங்கீட்டுச் சங்கக் கட்டடத்தின் நிலவறைக்கு ஏதோ ஆவணம் எடுக்க இறங்கிப்போன எய்சோ நோமுரா என்ற ஊழியர் பிழைத்தார். அந்தக் கட்டடம் இன்றும் பூங்காவுக்குள் நிற்கிறது.

அன்று காலை அங்கே குடியிருந்தவர்கள் மட்டும் இல்லை. விமானத் தாக்குதலில் தீ பரவாமல் தடுக்க வீடுகளை இடித்துத் திறந்தவெளி உண்டாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்கு அழைத்துவரப்பட்டவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மாணவ மாணவிகள். வெட்டவெளியில், மேலே கூரை எதுவும் இல்லாமல் நின்ற அந்தப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அருங்காட்சியகத்தில் உள்ள கிழிந்த சீருடைகளும் தண்ணீர்க் குடுவைகளும் ஏன் இவ்வளவு சிறியவை என்பதற்குக் காரணம் இது.

போருக்குப் பின் இடிபாட்டின்மேல் மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் பூங்கா அமைத்தார்கள். 1949ல் ஹிரோஷிமாவை அமைதி நினைவு நகரமாகக் கட்ட ஒரு தனிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நடந்த வடிவமைப்புப் போட்டியில் கட்டடக் கலைஞர் கென்ஸோ டாங்கே வென்றார். தூண்கள்மேல் தூக்கி நிறுத்திய நீண்ட கட்டடம், அதற்கு நேரே நினைவுச் சின்னம், அதற்கும் நேரே ஆற்றுக்கு அப்பால் குண்டில் இடிந்து இன்றும் நிற்கும் குவிமாடக் கட்டடம் என்று ஒரே கோட்டில் வரும்படி அவர் அமைத்தார். அருங்காட்சியகம் 1955 ஆகஸ்ட் 24 அன்று திறக்கப்பட்டது. அந்தக் கட்டடம் 2006ல் ஜப்பானின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. அழகான கட்டடம், சந்தேகமே இல்லை. ஆனால் அதன் தூண்கள் ஊன்றப்பட்டது பலருடைய வீட்டு முற்றத்தில். 2015ல் தொடங்கி, நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான சீரமைப்புக்காகக் கட்டடத்தின் அடியைத் தோண்டியபோது அந்த வீடுகளின் அடித்தளங்களும், எரிந்துபோன பொருட்களும் வெளிப்பட்டன. நாகாஜிமாவின் ஒரு தெருவையும் ஒரு வீட்டின் எரிந்த தரையையும் தோண்டிய நிலையிலேயே காட்டும் சிறு கட்டடம் 2022 மார்ச்சில் பூங்காவுக்குள் திறக்கப்பட்டது. பூங்கா வந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து! இவ்வளவு காலம் ஏன் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

கல்லும் ஓடும் சேர்த்தவர்

இந்த அருங்காட்சியகத்தைத் தொடங்கிவைத்தது அரசு ஆணை இல்லை, ஒரு மனிதரின் விடாப்பிடி. ஷோகோ நாகாஓகா புவியியலாளர். குண்டு விழுந்த மறுநாள் நகரத்துக்குள் வந்தவர், கல்லின் மேற்பரப்பே உருகியிருப்பதைக் கண்டார். சாதாரண குண்டு இதைச் செய்யாது என்று அவருக்குப் புரிந்தது. அன்றிலிருந்து உருகிய ஓடுகளையும் கற்களையும் புட்டிகளையும் பொறுக்கத் தொடங்கினார். வீடு நிறைந்தது. சாப்பாட்டுக்கே வழியில்லாத ஊரில் இடிபாட்டைப் பொறுக்கிச் சேர்ப்பவரை விசித்திரமாகப் பார்த்தார்கள். 1949ல் நகரின் பொதுமண்டபத்தில் ஓர் அறையில் அவற்றை வைத்தார்கள். ஆறு ஆண்டு கழித்து அருங்காட்சியகம் வந்தபோது அவரே முதல் இயக்குநர்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். நாகாஓகா சேர்த்தவை பெரும்பாலும் வெப்பம் என்ன செய்தது, எந்தத் திசையிலிருந்து வந்தது என்று காட்டும் சான்றுகள். ஓர் அறிவியலாளர் அப்படித்தான் சேர்ப்பார். அன்று அது தேவையாகவும் இருந்தது. போருக்குப் பின் அமெரிக்கா தலைமையில் நடந்த ஆக்கிரமிப்புக் காலத் தணிக்கையில் அணுகுண்டின் பாதிப்பைப் பற்றி வெளிப்படையாக எழுதக்கூட முடியாத நிலையில், கல்லும் ஓடும் வாய்திறக்காமல் சாட்சி சொல்லின. ஆனால் அவற்றுக்கு உரிமையாளர் யார் என்ற கேள்வி எழவில்லை.

அடுத்து நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். திறந்து ஓராண்டு முடிவதற்குள், 1956 மே மாதக் கடைசியில், அமைதிக்காக அணுசக்தி என்ற கண்காட்சி அந்தக் கட்டடத்திலேயே நடந்தது. அமெரிக்கத் தகவல் துறையும், நகர, மாவட்ட நிர்வாகங்களும், பல்கலைக்கழகமும், உள்ளூர் நாளிதழும் சேர்ந்து நடத்தின. மூன்று வாரம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். இடம் வேண்டும் என்பதற்காக இறந்தவர்களின் உடைமைகளும் நாகாஓகாவின் கற்களும் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டன. 1958ல் நகரின் மீட்சியைக் கொண்டாடும் பொருட்காட்சிக்கும் அதே கட்டடத்தைப் பயன்படுத்தினார்கள். அணுசக்தியின் நன்மைகளைச் சொல்லும் காட்சிப்பொருட்கள் அதன்பிறகும் பல ஆண்டு அங்கே இருந்தன. தப்பிப் பிழைத்தவர்கள் சிலர் கண்டித்தார்கள். வேறு சிலர் இந்தக் கொடிய சக்தி நல்லதற்கும் பயன்படட்டுமே என்று உள்ளபடியே நம்பினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் நினைவிடத்தை நடத்துகிறவர்கள் இந்த நிகழ்வை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அன்றைய அரசியலுக்கு இடம் தேவைப்பட்டபோது முதலில் வெளியே போனவை இறந்தவர்களின் பொருட்கள்.

உருவங்கள் வைப்பதா, எடுப்பதா

1973ல் மெழுகு உருவங்கள் வந்ததற்கும் காரணம் இருந்தது. போர் முடிந்து ஏறக்குறைய முப்பது ஆண்டு. போரைப் பார்க்காத தலைமுறை வளர்ந்துவிட்டது. உருகிய ஓட்டைக் காட்டினால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன புரியும்? மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்று காட்டவேண்டும் என்று நினைத்தார்கள். அதற்குப் படங்கள் போதவில்லை. குண்டு விழுந்த அன்றே நகரத்துக்குள் எடுக்கப்பட்டு மிஞ்சியிருப்பவை யோஷிட்டோ மட்சுஷிகே என்ற நாளிதழ்ப் புகைப்படக்காரரின் ஐந்து படங்கள் மட்டும். மியுகி பாலத்தருகே குவிந்து கிடந்தவர்களைப் படமெடுக்க நெடுநேரம் தனக்குக் கை வரவில்லை என்று அவரே பின்னாளில் சொன்னார். அந்த இடைவெளியை நிரப்பத்தான் உருவங்கள்.

எடுக்கவேண்டும் என்று சொன்னவர்களில் தப்பிப் பிழைத்தவர்களும் இருந்தார்கள் என்பதை எதிர்ப்பாளர்கள் போதிய அளவு கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அவர்கள் சொன்னது: நாங்கள் பார்த்தது இப்படி இல்லை, இதைவிடப் பலமடங்கு கொடியது. உருவங்கள் மிகவும் சுத்தமாக இருக்கின்றன. கொடூரத்தைக் காட்டுவதற்காக வைத்த பொருள், கண்டவர்களின் கணக்கில் கொடூரத்தைக் குறைத்துக் காட்டியது. எதிர்த்தரப்பின் வாதமும் லேசானதில்லை. பத்து வயதில் பார்த்துப் பயந்த ஒரு காட்சி அறுபது வயது வரை கூட வருகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கிழிந்த சட்டை அப்படி வருமா?

என்னைத் தீர்மானிக்க வைப்பது வேறொன்று. அந்த மூன்று உருவங்களும் யாருடையவையும் இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை, அந்தச் சிறுவனைத் தேடி அலைந்த தாய் இல்லை. பார்த்தவர் பயந்தார், ஆனால் யாருக்காகவும் துக்கப்படவில்லை. இறந்தவர்களைப் போற்றுவதற்கென்று ஓர் இடம் இருந்தால் அங்கே துக்கத்துக்கு முதலிடம் வேண்டும்.

உருவங்கள் போன இடத்தை வெறுமையாக விடவில்லை என்பதும் முக்கியம். 1974ல் 77 வயது முதியவர் ஒருவர் தான் அன்று கண்டதைப் படமாக வரைந்து உள்ளூர் ஒளிபரப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் வரையத் தொடங்கினார்கள். அப்படி வந்த படங்கள் இன்று ஏறத்தாழ 5,000 அருங்காட்சியகத்தில் உள்ளன. ஓவியப் பயிற்சி இல்லாத கைகள் வரைந்தவை. படத்தின் ஓரத்தில் எந்த இடம், எத்தனை மணி, யாரைப் பார்த்தேன், தண்ணீர் கேட்டவருக்கு ஏன் கொடுக்க முடியவில்லை என்று எழுதியிருப்பார்கள். பிளாஸ்டிக் சொல்லாததை அந்தக் கோணல் கோடுகள் சொல்கின்றன.

ஷிகேருவின் உணவுப் பெட்டி

அருங்காட்சியகத்தின் இரு கட்டடங்களில் கிழக்குக் கட்டடம் 2017லும், முதன்மைக் கட்டடம் 2019 ஏப்ரல் 25 அன்றும் புதுப்பித்துத் திறக்கப்பட்டன. முதன்மைக் கட்டடத்தில் வெளிச்சம் குறைவு. விளக்க உரையும் குறைவு. நுழையும்போது, கையில் கட்டுப் போட்ட ஒரு சிறுமியின் பெரிய புகைப்படம். பல காலம் யாரென்று தெரியாமல் இருந்த அந்தச் சிறுமி யார், பின்னாளில் என்ன ஆனார் என்பது இப்போது தெரியும். உள்ளே போகப் போக, ஒவ்வொரு பொருளும் அதற்குரியவரின் பெயர், வயது, கிடைத்தால் ஒரு புகைப்படம், குடும்பத்தார் சொன்ன ஓரிரு வாக்கியம் ஆகியவற்றோடு இருக்கிறது. இந்த ஏற்பாடுதான் புதுப்பித்தலின் உயிர்.

ஷிகேரு ஓரிமென் நடுநிலைப் பள்ளியின் முதலாண்டு மாணவன். வயது 13. வீடிடிக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளில் ஒருவன். தகப்பனும் அண்ணனும் போர்ப்பணிக்குப் போய்விட்டதால் நிலத்தைக் கொத்திப் பயிரிட்டவன் அவன்தான். அதில் விளைந்த முதல் அறுவடையை வைத்து அன்று அவன் அம்மா சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். அதை எண்ணி மகிழ்ந்துகொண்டே போனான். ஆகஸ்ட் 9 விடியற்காலையில் அவள் அவன் உடலைக் கண்டாள். வயிற்றுக்கு அடியில் அந்த உணவுப் பெட்டியைப் பற்றிக்கொண்டு கிடந்தான். உள்ளே இருந்தது கரியாகியிருந்தது. இன்றும் கரியாகவே இருக்கிறது.

ஷினிச்சி டெட்சுடானிக்கு நாலு வயது நிரம்பவில்லை. வீட்டுக்கு முன்னால் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவன் அன்றிரவே இறந்தான். அவ்வளவு சின்னப் பிள்ளையைத் தனியாக இடுகாட்டில் விட அப்பாவுக்கு மனம் வரவில்லை. வீட்டுத் தோட்டத்திலேயே, சைக்கிளையும் கூட வைத்துப் புதைத்தார். நாற்பது ஆண்டு கழித்து, 1985ல், எலும்புகளை எடுத்துக் குடும்பக் கல்லறைக்கு மாற்றியபோது சைக்கிளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

அந்த நாற்பது ஆண்டுக் காத்திருப்பு இங்கே விதிவிலக்கு இல்லை. பல குடும்பங்கள் பிள்ளையின் சட்டையையோ காலணியையோ வீட்டு பூஜை மாடத்தில் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு அதுவே உடல். தாய் தகப்பன் முதுமையடைந்து, தங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்ற கவலை வந்தபோதுதான் கொடுத்தார்கள். அருங்காட்சியகத்தில் இப்போது சுமார் 20,000 பொருட்கள் இருப்பதற்கு இத்தனை குடும்பங்களின் தயக்கமும் நம்பிக்கையும் காரணம். நினைவு அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்குகிறவர்கள் பொருள் சேகரிப்பைச் சில ஆண்டுத் திட்டமாகப் போடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். துக்கம் தன் கணக்கில்தான் கதவைத் திறக்கும்.

இத்தகைய எளிய பொருளின் வலிமையை அதற்கு அஞ்சியவர்களும் அறிந்திருந்தார்கள். 1995ல் வாஷிங்டனின் தேசிய வான்வெளி அருங்காட்சியகம், குண்டை வீசிய எனோலா கே விமானத்தின் உடற்பகுதியை ஹிரோஷிமா, நாகசாகியிலிருந்து கடனாகப் பெறும் உடைமைகளோடு சேர்த்துக் காட்டத் திட்டமிட்டது. முன்னாள் படைவீரர் அமைப்புகளும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார். விமானத்தின் உடல் காட்சிக்கு வந்தது. அந்த உடைமைகள் வரவில்லை.

1,40,000க்கும் 89,000க்கும் நடுவே

1945 கடைசிக்குள் ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் சுமார் 1,40,000, பத்தாயிரம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது 1976ல் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கப்பட்ட மதிப்பீடு. உலகம் முழுக்க இந்த எண் தெரியும். இதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு எண் அவ்வளவாகத் தெரியாது. இறந்தவர்களை ஒருவர் ஒருவராகப் பெயர் சொல்லி அடையாளம் காணும் ஆய்வை நகர நிர்வாகம் பல பத்தாண்டுகளாக நடத்திவருகிறது. அதே காலத்தில் இறந்ததாக அதில் உறுதியானவர்கள் சுமார் 89,000 பேர். மதிப்பீட்டுக்கும் பெயர்ப்பட்டியலுக்கும் நடுவே ஏறத்தாழ 50,000 மனிதர்களின் இடைவெளி.

குடும்பம் முழுவதும் ஒரே வீட்டில் அழிந்தபோது, இன்னார் இறந்தார் என்று சொல்ல ஆள் இல்லை. பதிவேடுகள் எரிந்தன. படைவீரர்கள், வெளியூரிலிருந்து அன்று காலை வேலைக்கு வந்தவர்கள், கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்கள் ஆகியோர் எந்தத் தெருக்கணக்கிலும் வரமாட்டார்கள். பெயர் நிலைப்பதற்கு, அதைச் சொல்ல ஒருவராவது உயிரோடு இருக்கவேண்டும் என்பதுதான் இங்கே கசப்பான உண்மை. பெயரும் பெருமையும் எழுதி நடுகல் நட்ட மரபில் வந்த நமக்கு, பெயர் எழுத ஆளில்லாத சாவு எத்தகையது என்று விளக்கத் தேவையில்லை.

பூங்காவில் பெயர்களுக்கென்று மூன்று இடங்கள் உண்டு. ஒன்று, 1952 ஆகஸ்ட் 6 அன்று திறக்கப்பட்ட வளைவு நினைவுச் சின்னம். அதன் அடியில் உள்ள கற்பேழையில் இறந்தோர் பெயரேடுகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆகஸ்ட் 6லும் புதிய பெயர்கள் சேர்க்கப்படும். தூரிகை கொண்டு கையால் எழுதப்படும். ஆண்டுதோறும் மே மாதம் ஏடுகளை வெளியே எடுத்துக் காற்றாட வைப்பார்கள். 2025ல் மொத்தம் 3,49,246 பெயர்கள். இந்த எண்ணைக் குண்டால் இறந்தவர்களின் தொகை என்று எழுதிவிடும் பழக்கம் செய்தித்தாள்களுக்கு உண்டு. அது சரியில்லை. தாக்குதலுக்கு ஆளாகிப் பிழைத்து, எண்பது தொண்ணூறு வயதில் எந்தக் காரணத்தால் இறந்தாலும் அந்தப் பெயர் ஏட்டில் ஏறும். அன்று கொல்லப்பட்டவரையும் அந்த நாளைச் சுமந்து வாழ்ந்து முடித்தவரையும் ஒரே ஏட்டில் எழுதுவது என்பது ஊர் எடுத்த முடிவு, அருமையான முடிவு. ஏடுகளில் ஒன்று, பெயர் தெரியாத பலருக்கு என்றே ஒதுக்கப்பட்டது.

இரண்டாவது, 2002ல் மத்திய அரசு திறந்த நினைவு மண்டபம். இதையும் வடிவமைத்தவர் டாங்கே. நிலத்துக்கு அடியில் வட்டமான கூடம். வெடிமையத்தில் நின்று பார்த்தால் தெரிந்த அழிந்த நகரத்தின் காட்சி சுற்றுச்சுவர் முழுவதும் 1,40,000 ஓடுகளால் அமைக்கப்பட்டிருக்கிறது. நடுவே தண்ணீர். தண்ணீர் கேட்டபடியே இறந்தவர்களுக்கான படையல் அது. பக்கத்து அறையில் திரைகளில் குடும்பத்தார் பதிவுசெய்த முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். 20,000க்கும் மேற்பட்ட முகங்கள். குடும்பம் வந்து படம் கொடுத்தால்தான் பதிவு. ஆகவே இங்கேயும் குடும்பமே இல்லாமல் போனவர்கள் வரமாட்டார்கள்.

மூன்றாவதற்குப் பயணிகள் அதிகம் போவதில்லை. புல் மூடிய ஒரு மேடு. அடியில் உள்ள அறையில், யாரும் வாங்கிக்கொள்ளாத சுமார் 70,000 பேரின் சாம்பல். பெரும்பாலோர் அடையாளம் தெரியாதவர்கள். இவர்களில் 800க்கும் மேற்பட்டோரின் பெயர் தெரியும். வாங்கிக்கொள்ள உறவினர் கிடைக்கவில்லை. நகர நிர்வாகம் ஆண்டுதோறும் அந்தப் பெயர்ப்பட்டியலை நாடெங்கும் அனுப்புகிறது. எப்போதாவது ஒரு குடும்பம் வந்து வாங்கிச் செல்கிறது. அருங்காட்சியகத்துக்கு வருகிற ஒவ்வொரு பள்ளிக் குழுவையும் முதலில் இந்த மேட்டுக்கு அழைத்துவரவேண்டும் என்பேன்.

விலக்கி வைக்கப்பட்டவர்கள்

இறந்தவர்களைப் போற்றுகிறோம் என்று ஓர் ஊர் சொல்லும்போது, யாருடைய இறந்தவர்களை என்று கேட்டே ஆகவேண்டும். கொரிய மக்களுக்கான நினைவுக்கல் 1970ல் எழுப்பப்பட்டது. ஆனால் பூங்காவுக்கு வெளியே, ஆற்றின் எதிர்க்கரையில். கல்லில் உள்ள கணக்குப்படி 20,000 கொரியர்கள் இறந்தார்கள். பூங்காவுக்குள் இனிப் புதிய நினைவுச் சின்னங்கள் கூடாது என்ற விதி காரணமாகக் காட்டப்பட்டது. அந்தக் கல் ஆற்றைத் தாண்டி உள்ளே வர 1999 ஆகிவிட்டது. செத்த பிறகும் வாசலில் நிறுத்தப்பட்டார்கள் என்று கொரியர்கள் உணர்ந்ததில் வியப்பில்லை.

அமெரிக்கப் போர்க்கைதிகள் 12 பேரும் அன்று ஹிரோஷிமாவில் இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பேசுவது இரு நாட்டுக்குமே சங்கடம். எட்டு வயதில் குண்டுவீச்சிலிருந்து தப்பிய ஷிகேயாகி மோரி, அலுவலக வேலை பார்த்துக்கொண்டே, பல பத்தாண்டுகள் தன் சொந்த முயற்சியில் அவர்களின் குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடித்தார். இன்று அவர்களின் படங்களும் நினைவு மண்டபத்தில் பதிவாகியிருக்கின்றன. 2016ல் ஒபாமா அங்கு வந்தபோது அணைத்துக்கொண்ட முதியவர் இவர்தான்.

தென்கிழக்கு ஆசியாவிலிருந்து படிக்க அழைத்துவரப்பட்ட மாணவர்களும் பலியானார்கள். மலாயாவைச் சேர்ந்த நிக் யூசோப் ஹிரோஷிமாவில் இறந்தார். சையத் ஓமர் ஊர் திரும்பும் வழியில் கியோட்டோவில் செப்டம்பர் தொடக்கத்தில் இறந்தார். 2019 புதுப்பித்தலில் வெளிநாட்டவருக்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. சிறிய பகுதிதான். ஆனால் பெயரும் முகமும் என்ற முறையை ஏற்றுக்கொண்ட பிறகு அவர்களை விலக்கி வைக்க எந்த நியாயமும் மிஞ்சவில்லை. தேசக் கணக்கில் விடுபட்டவர், தனி மனிதக் கணக்கில் உள்ளே வந்துவிடுகிறார். இந்த முறையின் பெரிய வெற்றி என்று இதைத்தான் சொல்வேன்.

இந்த முறை தராதது

குறையும் இங்கேதான் இருக்கிறது. ஷிகேருவின் பெட்டிக்கு முன்னால் நிற்கும் ஒருவருக்கு இது ஏன் நடந்தது என்ற கேள்வி எழும். பெட்டி அதற்கு விடை சொல்லாது. ஹிரோஷிமா படைநகரம். 1894ல் சீனாவோடு நடந்த போரின்போது பேரரசரின் தலைமைப் பாசறையே அங்கே இருந்தது. உஜினா துறைமுகத்திலிருந்துதான் படைகள் ஆசியாவெங்கும் கப்பலேறின. 1994ல் கிழக்குக் கட்டடம் திறந்தபோது இந்த வரலாற்றுக்கு இடம் கொடுத்தார்கள்; சீனத் தலைநகர் நாஞ்சிங் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்ததை ஹிரோஷிமா மக்கள் விளக்கு ஊர்வலம் நடத்திக் கொண்டாடியதும் சொல்லப்பட்டது. சொந்த ஊரின் குற்றப் பங்கைத் தன் நினைவிடத்தில் எழுதுவது சின்னக் காரியமில்லை.

இப்போதைய நடைவழியில் பார்வையாளர் முதலில் இறந்தவர்களைக் காண்கிறார். நகரத்தின் போர்க்கால வரலாறு கடைசிப் பகுதியில் வருகிறது. அழுது முடித்து, கால் வலித்து, வெளியே காற்றுக்குப் போகத் துடிக்கும் நேரத்தில் யார் நின்று படிப்பார்கள்? இழப்பை முன்னால் வைத்தது சரி. காரணங்களை இவ்வளவு பின்னால் தள்ளியது சரியில்லை. கொரியரின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்திலேயே, அவர் எப்படி ஹிரோஷிமாவுக்கு வந்தார் என்பதை நாலு வரியில் சொன்னால் வரலாறு தானாக உள்ளே வந்துவிடும். தனி மனிதரின் கதையை முழுமையாகச் சொன்னாலே காரணமும் அதில் அடங்கும்.

நடைமுறைச் சிக்கல்கள் வேறு. 2024 நிதியாண்டில் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அதற்கு முன் இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. பெரியவர்களுக்குக் கட்டணம் 200 யென்தான், நடுநிலைப் பள்ளி வரை பிள்ளைகளுக்கு இலவசம். இந்தக் கொள்கையை மாற்றக்கூடாது. ஆனால் தோளோடு தோள் உரசும் கூட்டத்தில் ஒரு பெயரை நின்று படிக்க முடிவதில்லை. எண்ணைப் பார்க்க ஒரு கணம் போதும், பெயரைப் படிக்க நேரம் வேண்டும். நேரம் குறித்த முன்பதிவும் கூடுதல் திறப்பு நேரமும் ஓரளவு உதவுகின்றன.

துணிகள் இன்னொரு கவலை. எரிந்து கிழிந்த பருத்தி எண்பது ஆண்டு தாங்கியதே பெரிது. வெளிச்சமும் ஈரமும் அதை அரிக்கின்றன. எனவே வெளிச்சத்தைக் குறைத்து, காட்சிப்பொருட்களை அவ்வப்போது மாற்றுகிறார்கள். பாதுகாப்புக்காகச் செய்யும் இந்த மாற்றத்தில் ஒரு நன்மையும் உண்டு: இருட்டறையில் வைக்கப்பட்டிருக்கும் வேறு பிள்ளைகளின் பொருட்களுக்கும் முறை வருகிறது. பெயர்பெற்ற ஐந்தாறு பொருட்களே எல்லாப் புத்தகங்களிலும் திரும்பத் திரும்ப வந்து, மற்றவை மறக்கப்படும் ஆபத்தை இது தடுக்கிறது.

2025 மார்ச் நிலவரப்படி ஹிரோஷிமாவிலோ நாகசாகியிலோ தப்பிப் பிழைத்து உயிரோடு இருப்பவர்கள் மொத்தம் 99,130 பேர். சராசரி வயது 86. முதல்முறையாக லட்சத்துக்குக் கீழே இறங்கிய ஆண்டு அது. அவர்களின் அனுபவத்தைக் கேட்டுப் பயின்று அவர்களுக்குப் பதிலாகச் சொல்லும் இளையவர்களை நகரம் 2012 முதல் பயிற்றுவிக்கிறது. பொருட்களைப் பெறுவதும் நிற்கவில்லை. இப்போது கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் பேரப்பிள்ளைகள். பாட்டியின் அலமாரியில் இருந்தது, யாருடையதென்று சரியாகத் தெரியாது என்று சொல்லிக் கொடுக்கிறவர்களும் உண்டு. அப்படி வரும் ஒவ்வொன்றுக்கும் பெயர் தேடுவது, அந்த 50,000 இடைவெளியை ஒன்றிரண்டாகக் குறைப்பது, இதற்குத்தான் அருங்காட்சியகம் இனி அதிக ஆட்களையும் பணத்தையும் ஒதுக்கவேண்டும். விவரம் சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை இன்னும் சில ஆண்டுகளே இருக்கும் என்பதால், கட்டடப் பணிகளைவிட இதற்கு அவசரம் அதிகம்.